விரித்தவர்களும் பிரித்தவர்களும் - வினைல் தரையின் கதை

அமெரிக்காவில் எண்பது தொண்ணூறு வருடப் பழைய வீட்டை வாங்குகிறவர்கள் முதலில் மாற்ற நினைப்பது பெரும்பாலும் சமையலறைத் தரையைத்தான். அடுப்புக்கு முன்னால் தேய்ந்து வெளுத்துப் போன வினைல் விரிப்பு ஒன்று கிடக்கும். மூலையில் கத்தியை நுழைத்து நெம்பினால் அதற்குக் கீழே இன்னொரு விரிப்பு இருக்கும். செங்கல் பதித்தது போன்ற டிசைனைப் பார்த்ததுமே 1970களில் போட்டது என்று சொல்லிவிடலாம். அதற்கும் கீழே பழுப்பேறிய லினோலியம், கறுப்புக் காகிதம், கடைசியாகப் பைன் மரப் பலகை. ஒரு குடும்பத்துக்கு ஒரு அடுக்கு என்ற கணக்கில் அந்த வீட்டின் வரலாறு முழுவதும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்கும்!

இந்த அடுக்குகளில் ஒன்றைப் பிரிக்கும்போது மட்டும் மேல் தோல் உரிந்து கையோடு வந்துவிடும். அடியில் இருக்கும் சாம்பல் நிற அட்டை பாதி கிழிந்து தரையிலேயே நின்றுவிடும். அதைச் சுரண்டி எடுக்கக் கை பரபரக்கும். ஆனால் சுரண்டக் கூடாது, தேய்க்கக் கூடாது, துடைப்பத்தால் கூட்டவும் கூடாது.

ஏன்? அதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் சுமார் நூற்று அறுபது வருடம் பின்னால் போக வேண்டும்.

எண்ணெய்த் துணியில் ஆரம்பம்

இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற குளிர் நாடுகளில் வீட்டுத் தரை என்றால் மரப் பலகைதான். பலகைகளுக்கு நடுவே இடுக்கு இருக்கும். இடுக்கில் அழுக்கும் பூச்சியும் சேரும், கீழிருந்து குளிர்காற்று வரும். தண்ணீர் விட்டுக் கழுவினால் மரம் ஊறி உப்பும். பணக்காரர்கள் கம்பளம் விரித்தார்கள். மற்றவர்கள் கித்தான் துணியில் எண்ணெய்ச் சாயத்தைப் பல பூச்சுப் பூசிக் காயவைத்துத் தரையில் விரித்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரபலமாக இருந்த இந்த எண்ணெய்த் துணியில் ஒரு குறை உண்டு. நடக்க நடக்க டிசைன் தேய்ந்து துணி தெரிய ஆரம்பித்துவிடும்.

1844-ல் எலைஜா காலவே என்பவர் ரப்பரையும் தக்கைத் தூளையும் கலந்து காம்ப்டுலிகான் என்றொரு விரிப்பைக் கொண்டு வந்தார். பொருள் நல்ல பொருள்தான், ஆனால் ரப்பர் விலை ஏற ஏற விரிப்பின் விலையும் ஏறியது. ரப்பருக்குப் பதிலாக மலிவாக வேறொன்று கிடைத்தால் சந்தையையே பிடித்துவிடலாம் என்ற நிலைமை.

அந்த வேறொன்றைக் கண்டுபிடித்தவர் ஃப்ரெடரிக் வால்டன் என்ற யார்க்‌ஷயர் இளைஞர். பெயின்ட் டப்பாவைத் திறந்து வைத்தால் மேலே ஆடை போல ஒரு தோல் படியும் அல்லவா? எல்லோரும் அதை எடுத்து எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். வால்டன் அதைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தார். பெயின்டில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து ரப்பர் மாதிரி ஆகியிருந்தது. ரப்பருக்கு மாற்று அவர் கையிலேயே இருந்தது.

பிறகு வருடக் கணக்கில் சோதனைகள். உயரமான கொட்டகையில் மெல்லிய பருத்தித் துணிகளைத் தொங்கவிட்டு, மேலிருந்து எண்ணெயை மீண்டும் மீண்டும் வழியவிட்டார்கள். மாதங்கள் போனதும் துணியில் தடித்த தோல் படிந்தது. அதை அறுத்தெடுத்து அரைத்து, மரப்பிசினோடு உருக்கி, தக்கைத் தூளும் நிறமும் சேர்த்து, சணல் துணி மேல் உருளைகளால் அழுத்தினார்கள். அப்புறம் சூடான அறைகளில் வாரக் கணக்கில் தொங்கவிட்டால் விரிப்பு தயார். 1863-ல் வால்டன் இதற்குக் காப்புரிமை வாங்கினார். லத்தீனில் லினும் என்றால் ஆளிச் செடி, ஓலியம் என்றால் எண்ணெய். இரண்டையும் சேர்த்து லினோலியம் என்று பெயர் வைத்தார். 1864-ல் லண்டனுக்குப் பக்கத்தில் ஸ்டெய்ன்ஸ் என்ற ஊரில் தொழிற்சாலை ஆரம்பித்தது.

இதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. பிரிட்டனுக்கு ஆளிவிதை கப்பல் ஏறிய நாடுகளில் ரஷ்யாவோடு இந்தியாவும் ஒன்று. அடித்துணிக்கான சணல் வங்காளத்திலிருந்து ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆலைகளுக்குப் போய்த் துணியானது. வங்காள விவசாயி விளைவித்த சணல் பிரிட்டிஷ் வீடுகளின் தரையில் பல வருடங்கள் கிடந்திருக்கிறது.

பெயரைப் பறிகொடுத்த கதை

லினோலியம் நன்றாக விற்கத் தொடங்கியதும் போட்டியும் வந்தது. ஸ்காட்லாந்தின் கிர்கால்டி நகரில் மைக்கேல் நெய்ர்ன் 1847-ல் எண்ணெய்த் துணித் தொழிற்சாலை ஒன்றைக் கட்டினார். அவ்வளவு பெரிய கட்டடம் கட்டுவது பைத்தியக்காரத்தனம் என்று ஊரார் சிரித்து, அதற்கு "நெய்ர்னின் மடத்தனம்" என்றே பெயர் வைத்தார்களாம். அவர் காலத்துக்குப் பிறகு குடும்பத்தினர் தொழிலை வளர்த்தார்கள். வால்டனின் காப்புரிமைக்கு ஆயுள் 14 வருடம். அது முடிந்ததும் 1877-ல் நெய்ர்ன் நிறுவனமும் அதே பொருளைத் தயாரித்து, லினோலியம் என்ற அதே பெயரில் விற்க ஆரம்பித்தது.

வால்டன் நிறுவனம் கோர்ட்டுக்குப் போனது. "செய்முறைக்குத்தான் காப்புரிமை முடிந்தது, பெயர் எங்களுடையது" என்பது அவர்கள் வாதம். 1878-ல் நீதிபதி ஃப்ரை கொடுத்த தீர்ப்பு அவர்களுக்கு எதிராகப் போனது. இந்தப் பொருளைக் குறிப்பிட லினோலியம் என்பதைத் தவிர வேறு சொல்லே கிடையாது. அது தயாரித்தவரைச் சுட்டும் பெயராக இல்லாமல் பொருளின் பெயராகவே ஆகிவிட்டது. பொருளை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆன பிறகு அதன் பெயரைச் சொல்லவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்றார் அவர். தன் பொருளுக்குப் பெயர் வைத்தபோது, அந்தப் பொருளுக்கு இன்னொரு பொதுப்பெயரும் வேண்டும் என்று வால்டன் யோசிக்கவில்லை. வணிகச் சின்னச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கிற வழக்கு இது.

அதன் பிறகு கிர்கால்டி லினோலிய ஊராகவே ஆனது. எண்ணெய் காயும் நாற்றம் ஊர் முழுக்க அடிக்கும். ரயிலில் வருகிறவர்கள் ஜன்னலைப் பார்க்காமலேயே கிர்கால்டி வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள் என்பது அந்தப் பகுதியில் பிரசித்தம்.

விரிப்பது ஒரு தொழில்

லினோலியம் அட்லாண்டிக்கைத் தாண்டவும் அதிக நாள் ஆகவில்லை. 1870களிலேயே நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் வால்டனின் பங்கோடு ஆலை வந்தது. அந்த ஊரின் பெயரே லினோலியம்வில் என்று ஆனது! பென்சில்வேனியாவில் ஆம்ஸ்ட்ராங் என்ற நிறுவனம் 1860-லிருந்து பாட்டில் தக்கைகள் செய்துவந்தது. தக்கை அறுக்கும்போது விழும் தூளை என்ன செய்வது என்று யோசித்த நிறுவனம் 1908-ல் லான்காஸ்டர் நகரில் லினோலியம் ஆலையைத் தொடங்கியது. கழிவே மூலப்பொருளாக மாறியதற்கு நல்ல உதாரணம் இது. 1917 முதல் ஆம்ஸ்ட்ராங் நாடு தழுவிய பத்திரிகைகளில் விளம்பரம் செய்தது. ஹேசல் டெல் பிரவுன் என்ற பெண் அலங்கார நிபுணரை வைத்து, எந்த அறைக்கு எந்த நிறம் பொருந்தும் என்று இல்லத்தரசிகளுக்கு ஆலோசனையும் சொன்னது.

வாங்குவது சுலபம்தான், விரிப்பதில்தான் சிரமம் இருந்தது. சாதாரணமாக ஆறடி அகலமுள்ள லினோலியச் சுருள் பயங்கர கனம். குளிர்காலத்தில் அவசரப்பட்டு விரித்தால் அப்பளம் மாதிரி விரிசல் விடும். அதனால் சுருளைச் சூடான அறையில் வைத்திருந்துதான் பிரிக்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் மரப் பலகை சுருங்கி விரியும் என்பதால் நடுவில் கம்பளி அட்டை ஒன்றை ஒட்டி, அதற்கு மேல் பசை தடவி லினோலியத்தைப் படுக்க வைத்தார்கள். கொக்கி போல வளைந்த கத்தியால் ஓரம் வெட்டினார்கள். பிறகு நாற்பது ஐம்பது கிலோ உருளையை உருட்டிக் காற்றை வெளியேற்றினார்கள். இரண்டு துண்டுகள் சேரும் இணைப்பு கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் அவர் கைதேர்ந்தவர். லினோலியம் விரிப்பவர் என்பது தச்சர், கொத்தனார் போலத் தனித் தொழிலாக இருந்தது.

அந்தக் கூலியைக் கொடுக்க முடியாதவர்களுக்காக வந்தது காங்கோலியம். கம்பளி அட்டையில் தாரை ஊறவைத்து, மேலே எண்ணெய்ச் சாயத்தால் கம்பள டிசைன் அச்சடித்த மலிவான விரிப்பு இது. ஆணி வேண்டாம், பசை வேண்டாம், சும்மா விரித்தாலே தரையோடு படிந்து கிடக்கும் என்பதுதான் விளம்பரம். நெய்ர்ன் குடும்பம் அமெரிக்காவில் நடத்திய நிறுவனமும் காங்கோலியமும் 1924-ல் ஒன்றாக இணைந்தன.

"ஆள் வேண்டாம், நீங்களே போட்டுக்கொள்ளலாம்" என்ற வியாபார வாக்குறுதி இந்த மலிவு விரிப்பின் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

பசை தேடியவருக்குக் கிடைத்தது

1926-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பி.எஃப். குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் வேலை செய்துகொண்டிருந்தார். உலோகத்தோடு ரப்பரை ஒட்டவைக்க ஒரு பசை கண்டுபிடிப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. பாலிவினைல் குளோரைடு, அதாவது பிவிசி, அப்போதே வேதியியலாளர்களுக்குத் தெரிந்த பொருள்தான். 1872-லேயே ஜெர்மனியில் பௌமன் அதைப் பற்றி எழுதியிருந்தார். ஆனால் அது விறைப்பாக, நொறுங்கும் தன்மையோடு இருந்ததால் யாருக்கும் பயன்படவில்லை. செமன் அதைக் கொதிநிலை அதிகமுள்ள ஒரு திரவத்தில் போட்டுக் காய்ச்சினார். பசை வரவில்லை. ஆறியதும் வளைகிற, இழுத்தால் நீள்கிற, தண்ணீர் ஒட்டாத ஜெல்லி ஒன்று கிடைத்தது. இன்றைக்கு மழைக்கோட்டு, மின்கம்பி உறை, குளியலறைத் திரை என்று எங்கும் இருக்கும் மென் பிவிசி பிறந்த கதை இதுதான்.

1933-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் வினைல் தரை ஓடுகளை மக்கள் பார்த்தார்கள். அடுத்து வந்தது உலகப் போர். வினைல் முழுவதும் ராணுவத் தேவைகளுக்குப் போனது. போர் முடிந்ததும் ஆலைகள் நிறைய, வினைலும் நிறைய. லினோலியத்தை மாதக் கணக்கில் காயவைக்க வேண்டும். வினைலுக்கு அந்தக் காத்திருப்பே கிடையாது. நிறம் பளிச்சென்று இருந்தது, எண்ணெய்க் கறையும் பிடிக்கவில்லை. இருபது வருடத்துக்குள் லினோலியம் பின்னால் போய்விட்டது. ஆம்ஸ்ட்ராங் 1974-ல் அமெரிக்காவில் லினோலியத் தயாரிப்பையே நிறுத்திவிட்டது.

அந்தச் சாம்பல் நிற அட்டை

போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு வீடு வேண்டும். 1947-ல் நியூயார்க் அருகே லாங் தீவில் லெவிட் குடும்பத்தினர் லெவிட்டவுன் என்ற குடியிருப்பைக் கட்ட ஆரம்பித்தார்கள். 1951-க்குள் அங்கே எழுந்த வீடுகள் 17,000-க்கும் மேல். அடித்தள அறை கிடையாது, மரத்தரையும் கிடையாது. மண்ணுக்கு மேலே நேராகக் கான்கிரீட் பலகம், அதற்கு மேலே வீடு. செலவு குறைவு, வேகம் அதிகம். நாடு முழுக்க இந்த மாதிரி வீடுகள் பெருகின.

விரிப்புத் தொழிலுக்கு இங்கேதான் சிக்கல். மண்ணின் ஈரம் கான்கிரீட் வழியாக மேலே ஏறும். அதோடு சிமென்ட்டின் காரமும் வரும். லினோலியத்தின் சணல் துணி அதில் மக்கிவிடும். கம்பளி அட்டையும் தாங்காது. அடியில் மக்காத, சுருங்காத, தீயும் பிடிக்காத ஏதாவது ஒன்று வேண்டும். மலிவாகவும் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பொருந்திய ஒரே பொருள் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். கல்நார் இழையை ரப்பர் பாலோடு கலந்து காகிதம் போல ஆக்கி வினைலுக்கு அடியில் ஒட்டினார்கள். 1950களில் ஆம்ஸ்ட்ராங் இந்த அடியட்டையோடு விரிப்புகளைச் சந்தைக்குக் கொண்டு வந்தது, மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன. பூமிமட்டத்துக்குக் கீழே உள்ள அறையில்கூட இனி சுருள் விரிப்பைப் போடலாம் என்பது பெரிய விற்பனை அம்சமாக இருந்தது. மேலே வினைல் மூடியிருக்கிறது, கீழே பசை பிடித்திருக்கிறது, நடுவில் இருப்பதால் யாருக்கு என்ன ஆபத்து என்று தோன்றியிருக்கலாம்.

ஆனால் கல்நாரின் குணம் அப்போது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. பிரிட்டனில் மெரிவெதர், பிரைஸ் என்ற இரண்டு அரசு அதிகாரிகள் கல்நார் ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்து, தூசியால் நுரையீரல் கெடுகிறது என்று 1930-லேயே அறிக்கை கொடுத்திருந்தார்கள். 1931-ல் சட்ட விதிகளும் வந்தன. கல்நார் தூசிக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டால் 1955-ல் புள்ளிவிவரத்தோடு நிறுவினார். ஏறக்குறைய அதே வருடங்களில்தான் அந்த அட்டை அமெரிக்கச் சமையலறைகளுக்குள் நுழைந்தது.

இனி நீங்களே போடலாம்

1960களில் காங்கோலியம்-நெய்ர்ன் ஒரு நுட்பத்தைக் கண்டுபிடித்தது. வினைல் கூழில் சூடானால் நுரைக்கும் ரசாயனத்தைக் கலப்பார்கள். அதன் மேல் டிசைன் அச்சடிக்கும் மைகளில் சிலவற்றில் நுரையைத் தடுக்கும் பொருள் இருக்கும். சூளையில் போனதும் அந்த மை பட்ட இடம் மட்டும் உப்பாமல் பள்ளமாக நிற்கும். செங்கல் டிசைன் என்றால் செங்கல் மேடாகவும் பூச்சுக் கோடு பள்ளமாகவும் தானாக அமைந்துவிடும்! காலுக்கு மெத்தென்றும் இருக்கும். 1966-ல் காப்புரிமை கிடைத்தது. ஆம்ஸ்ட்ராங் அதை மீறியதாக வழக்கு நடந்து 1973-ல் காங்கோலியத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பானது, 1975-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. 1878-ல் பெயருக்காகக் கோர்ட் ஏறிய தொழில், நூறு வருடம் கழித்து நுரைக்காகக் கோர்ட் ஏறியது.

1970களில் மெழுகு போட்டுத் தேய்க்கத் தேவையில்லாத பளபளப்பு விரிப்புகள் வந்தன. அகலமும் 12 அடி ஆனது. சாதாரணச் சமையலறைக்கு ஒரே துண்டு போதும், இணைப்பே வேண்டாம். இப்போது வீட்டுக்காரரைத் தயங்க வைத்த விஷயம் ஒன்றே ஒன்றுதான்: கத்தியை வைத்தால் தப்பாக வெட்டிவிடுவோமோ என்ற பயம். 1980களில் ஆம்ஸ்ட்ராங் ஒரு சிறு பெட்டியை விற்றது. வெட்டவும் பொருத்தவும் தேவையான சாமான்கள் அதில் இருக்கும். அதை வாங்கி வெட்டும்போது சொதப்பினால் புது விரிப்பு இலவசம் என்று உத்தரவாதம்! பொருளை விற்பதற்கு முன்னால் பயத்தைப் போக்க வேண்டும் என்பதை நன்றாகப் புரிந்துகொண்ட விற்பனை உத்தி.

செய்முறை அன்று போலத்தான் இன்றும். சுருளை ஒரு நாள் முன்னதாகவே அறைக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும். சுவரோரச் சட்டங்களைக் கழற்ற வேண்டும். தரை முழுக்கத் தடித்த காகிதத்தை ஒட்டி, அலமாரி, குழாய், நிலைக்கால் எல்லாவற்றையும் சுற்றிக் கோடு போட்டு அச்சு எடுக்க வேண்டும். அந்த அச்சை விரிப்பின் மேல் வைத்து வெட்ட வேண்டும். பல் வைத்த கரண்டியால் பசையை இழுத்து, விரிப்பைப் படுக்க வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையை உருட்ட வேண்டும். சுவரோரம் கால் அங்குல இடைவெளி விட்டால் சட்டம் அதை மறைத்துவிடும்.

இவ்வளவுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வினைல் மெல்லியது. கீழே ஆணித்தலை ஒன்று எட்டிப் பார்த்தால்கூடச் சில மாதத்தில் மேலே தெரிந்துவிடும். பழைய விரிப்பின் பள்ளமும் மேடும் புதியதில் அப்படியே பதியும். ஆகவே அடித்தரை மொழுமொழுவென்று இருக்க வேண்டும். அதற்காகத்தான் பழைய விரிப்பைப் பிய்த்து எறிந்தார்கள். ஒட்டி நின்ற அட்டையைத் தகட்டால் சுரண்டினார்கள். அதுவும் போகவில்லை என்றால் தேய்க்கும் இயந்திரத்தை ஓட்டினார்கள். வெள்ளைப் புகை மாதிரி தூசி கிளம்பும். வேலை முடிந்ததும் கூட்டிப் பெருக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, குழந்தைகளைக் கூப்பிட்டுப் புதுத் தரையைக் காட்டுவார்கள்.

அந்தத் தூசியில் இருந்தது கல்நார். அடியட்டையின் பெரும்பகுதியே கல்நார் இழைதான். வினைலுக்குக் கீழே அடங்கிக் கிடந்த வரையில் அதனால் தொந்தரவு இல்லை. பிரிக்கும்போது அது காற்றில் கலந்தது. நுரையீரலுக்குள் போன இழை அங்கேயே தங்கிவிடும். நோய் வெளியே தெரிய இருபது முப்பது நாற்பது வருடம்கூட ஆகலாம். தலைவலியோ இருமலோ உடனே வந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

யார் கணக்கில் எழுதுவது?

1964-ல் நியூயார்க்கில் டாக்டர் இர்விங் செலிகாஃப் கல்நாரைக் கையாண்ட கட்டடத் தொழிலாளர்களைப் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டார். ஆலைக்கு வெளியே அந்தப் பொருளோடு வேலை செய்தவர்களும் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அமெரிக்காவுக்குத் தெளிவானது. பத்து வருடம் கழித்து, 1974 ஜனவரியில், கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் உள்ள குட்ரிச் பிவிசி ஆலையிலிருந்து இன்னொரு செய்தி. மூன்று தொழிலாளர்கள் ஈரலில் வரும் மிக அபூர்வமான புற்றுநோயால் இறந்திருந்தார்கள். காரணம், பிவிசி செய்யப் பயன்படும் வினைல் குளோரைடு வாயு. செமன் வேலை செய்த அதே நிறுவனம் அது. அந்த வருடமே அரசு காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று கடுமையான வரம்பு விதித்தது. ஆலைகள் குழாய்களை அடைத்து, பாத்திரங்களை மூடி, வரம்புக்குள் வந்தன. தொழில் மூடப்படவில்லை.

கல்நார் அட்டை மெதுவாகத்தான் மறைந்தது. 1980களின் நடுப்பகுதிக்குள் அமெரிக்க நிறுவனங்கள் அதைக் கைவிட்டுவிட்டன. 1989-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் கல்நார்ப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்குத் தடை போட்டது. 1991-ல் நீதிமன்றம் அதில் பெரும்பகுதியை ரத்து செய்தது. தப்பிப் பிழைத்த சில தடைகளில் தரை அடியட்டைக்கான தடையும் ஒன்று. அதற்குள் சந்தையில் அந்தப் பொருளே இல்லை என்பதால் அதற்காக வாதாட யாருக்கும் தேவை இருக்கவில்லை! அமெரிக்காவில் மீதமிருந்த வெண்கல்நார் பயன்பாட்டுக்கும் தடை வந்தது 2024 மார்ச்சில்தான்.

நஷ்டஈடு கேட்டு வழக்குகள் குவிந்தன. 2000 டிசம்பரில் ஆம்ஸ்ட்ராங் திவால் மனு போட்டது. 2003-ன் கடைசி நாளில் காங்கோலியமும் மனு போட்டது. ஆம்ஸ்ட்ராங்கின் வழக்குகளில் தரை மட்டும் இல்லை, குழாய்களுக்குக் கல்நார் உறை போட்ட பழைய காப்புத் தொழிலும் சேர்ந்திருந்தது. இரண்டு நிறுவனங்களும் பாதிக்கப்பட்டவர்களுக்காக அறக்கட்டளை நிதிகளை ஏற்படுத்திவிட்டு, 2006-லும் 2010-லும் திவாலிலிருந்து மீண்டு வந்தன.

வணிகவியல் பாடத்தில் ஒரு பொருளின் அடக்கவிலையைக் கணக்கிடும்போது மூலப்பொருள், கூலி, மேற்செலவு என்று எழுதுவார்கள். கல்நார் அட்டையின் மூலப்பொருள் மலிவு. தானே போட்டுக்கொள்வதால் விரிக்கும் கூலியும் இல்லை. 1960-ல் விரித்தவருக்கு அது லாபமான சரக்கு. கணக்கில் வராத ஒரு செலவு மட்டும் தரைக்கு அடியில் காத்திருந்தது. அது வாங்கியவர் பெயரில் எழுதப்படவே இல்லை. இருபது வருடம் கழித்து அதைப் பிரித்தவர் தலையில் விழுந்தது. அவர் அந்த வீட்டை இரண்டாவதாக வாங்கியவராக இருக்கலாம், தினக்கூலிக்கு வந்த உதவியாளாகவும் இருக்கலாம். ரசீதும் இல்லை, எச்சரிக்கைச் சீட்டும் இல்லை. எந்த வருடம் எந்த நிறுவனத்தின் விரிப்பு என்று நிரூபிப்பதே பலருக்குப் பெரும்பாடு.

ஆக, தரைக்காரர்களின் தொழிற்சங்கங்களும் நிறுவனங்களும் அரசும் இன்று சொல்லும் அறிவுரை சுருக்கமானது. 1980களுக்கு முந்தைய விரிப்பு என்றால் சோதனை செய்யும் வரை அதைக் கல்நார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள், கூட்டாதீர்கள். நல்ல நிலையில் இருந்தால் அப்படியே விட்டு, மேலே ப்ளைவுட் அடித்தோ சமன் செய்யும் கலவை பூசியோ புதிய விரிப்பைப் போடுங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் அதற்கென்று பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுங்கள்.

அதாவது "ஆள் வேண்டாம், நீங்களே போடலாம்" என்று ஆரம்பித்த கதை, "ஆளைக் கூப்பிடுங்கள், நீங்கள் தொடாதீர்கள்" என்று முடிந்திருக்கிறது.

மேலே மூடிவிடுவதுதான் பத்திரம் என்பதால், பழைய வீடுகளின் சமையலறைகளில் தரை அடுக்கடுக்காக உயர்ந்துகொண்டே போகிறது. மூடுகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள், கீழே என்ன இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுகிறார்கள். இருபது வருடம் கழித்துக் கத்தியோடு குனியப் போகிறவர் யாரோ, அவருக்காக.